காத்துலேந்து யூரியா

கயினிப் பக்கம் போவாதீங்க சார், மிஷினு அங்க இல்ல. நம்ம வூட்டாண்ட கீது, வாங்க.

நீங்க பாத்து கையெழுத்துப் போட்டாதான் அத செஞ்ச கீர்த்திப் பொண்ணுக்கு டாக்டர் பட்டமாமே? பாவம், மெட்ராஸ்லேந்து காலைலேந்து போன் போட்டுக்கினே கீது. சார் வந்துட்டாரா, இன்னா சொல்றாருன்னு. ஒரே பேஜாரு அதுக்கு.

இல்ல சார், மிஷினு எப்டி ஓடுதுன்னு எனக்குத் தெரியும். உள்ள கருப்பா ஒரு தூளு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா கீதாம், தேங்கூடு கணக்கா. காத்து அதுல பூந்து, தண்ணியோட சேந்து, சோலார் கரண்ட்ல அமோனியாவா வெளிய வருமாம். இரும்பு கிரும்பு ஒன்னும் கெடையாது, எல்லாம் ஆர்கானிக்காம். எங்க சாலவாக்கத்துல ஆர்கானிக்குன்னா சாணி சார்.

இனிமே சொசைட்டில யூரியாவுக்கு க்யூல நின்னு அடிச்சிக்க வேணாம்னாங்க. அதுக்கோசரம்தான் எடம் குடுத்தேன்.

கீர்த்தியோட வாத்தியாரா? வேதகிரி சாரு தெறப்பு விழாவுக்கு வந்தாரு, மால போட்டோம், போட்டோ எடுத்தாரு. அப்பால வர்ல. வரவும் வேணாமாம், மிஷின்ல சிம்மு கீது, எவ்ளோ அமோனியா வந்துச்சின்னு நம்பரு போனுக்கே பூடும். அந்த நம்பர வெச்சி ஜெர்மனில பேசி கப்பு வாங்கிட்டாராமே.

மொதல்ல எங்க சார் வந்துச்சி? ஏரிக்கட்டாண்ட கயினில வெச்சிக்கினு நாத்து நட்டு கதிரே வந்துட்ச்சி, அது சைபர்லயே நின்னுச்சி. கீர்த்தி வந்து பாத்துட்டு வரப்புல குந்திக்கினு அழுவுது. எனக்கு மனசு கேக்கல. எம் பொண்டாட்டி வளர்மதிதான் சொன்னா, ஊரு கண்ணு பட்ட பொருளு, லட்சுமி கீற எடத்துல வெய்யின்னு. எலுமிச்சங்கா சுத்திப் போட்டு தூக்கியாந்தேன். வெச்ச அன்னிக்கே நம்பரு கடகடன்னு ஏறிச்சி சார். கீர்த்தி போன்ல சிரிச்சிக்கினே அழுவுது. எடத்த மாத்துனத நானும் சொல்லல, அவங்களும் கேக்கல.

தோ, இந்தக் கொட்டாதான். குனிஞ்சி வாங்க, மாடு மூத்திரம் பேஞ்சி வெச்சிகீது, வயுக்கும். அந்தக் குழாதான் காத்து இயுக்குறது.

மூக்க இன்னாத்துக்கு சார் மூட்றீங்க? அமோனியாதான். கீர்த்தி அன்னிக்கி பாட்டில்ல காட்டுச்சி, அச்சு அசலா இதே நெடி. எங்களுக்குப் பயகிப்போச்சி. எங்க நைனா காலத்துலேந்து இந்தக் கொட்டாயில அடிச்சிக்கினுதான கீது.