பெங்ஹு தீவில் பிழைத்த நூல்

தலைமை ஏற்றிருக்கும் கே ஜுன்-லுங் ஐயா அவர்களே! நம் தைவானின் கீலுங் நகரத்து ஓயாத மழையில் நனைந்து வந்திருக்கும் ஆன்றோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! தாமே எழுதித் தாமே விற்கும் தனி எழுத்தாளத் தோழர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நான் சால்வையை இழுத்துப் போர்த்துவதைப் பார்த்துக் குளிரா என்கிறார் முன்வரிசை நண்பர். குளிரில்லை ஐயா, கலக்கம்! காசு கொடுத்து வாங்கிய மின்னூல் நம்முடையதுதானா? நாளைக் காலையும் இருக்குமா? இந்தக் கேள்விதான் என் தூக்கத்தைத் தின்கிறது.

என் தோழி ஜியான் யூ-ரூ. அவர் தம்பி போ-யென் மீன்பிடிப் படகில் போனவர். படகு திரும்பியது, அவர் திரும்பவில்லை. தம்பியின் குறும்பையும் கோபத்தையும், சாப்பாட்டு மேசையில் அடித்த அரட்டையையும் யூ-ரூ ஒரு நூலாக எழுதினார். பெரிய இணையக் கடை ஒன்றில் மின்னூலாக விற்றார். கடையின் பெயர் எதற்கு? பெயர் சொன்னால் நானும் காணாமல் போவேன்! (சிரிக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை.)

சூறாவளி வந்தது. வீட்டுக்குள் வெள்ளம், கணினி சேற்றில். "போனா போகட்டும், புத்தகம் கடையில பத்திரமா இருக்கு" என்றார் யூ-ரூ. அடுத்த வாரமே கடை அவர் கணக்கை மூடியது. விற்பனைப் பக்கம் போயிற்று. வாங்கியவர்களின் படிக்கும் கருவிகளிலிருந்தும் நூல் மறைந்தது. யூ-ரூ கடையைத் தொலைபேசியில் அழைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"விதிமீறல்னு காட்டுதும்மா."

"எந்த விதி?"

"அது எங்களுக்கும் தெரியாதும்மா."

"என் புத்தகத்தையாவது திருப்பிக் குடுங்க!"

"கணக்கு இருந்தாத்தாம்மா குடுக்க முடியும்."

சரி, வாசகரிடம் கேட்கலாமே? எந்த வாசகரிடம்? அவர்களின் பெயர் கடைக்குத் தெரியும்; முகவரி கடைக்குத் தெரியும்; எழுதியவருக்கோ எதுவும் தெரியாது! தம்பியைக் கடல் ஒருமுறை கொண்டுபோனது. இப்போது இன்னொரு முறை போகிறானே என்று யூ-ரூ சுவரில் சாய்ந்துவிட்டார்.

அப்போதுதான் பெங்ஹு தீவில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்தும் ஔ சாய்-ஷியா நினைவுக்கு வந்தார். "கடை கிடை எல்லாம் எனக்கு வேணாம், நீயே அனுப்பு" என்று அடம்பிடித்து, யூ-ரூவிடமே நேராக வாங்கியவர். அழைத்தோம்.

"அக்கா, என் புத்தகம் உங்ககிட்ட இருக்கா?"

"இரு தங்கச்சி, முட்டை கருகுது... ஐயையோ, போன மாசந்தான் போனை மாத்தினேன்!"

மறுமுனையில் கரண்டி உருண்டது, இழுப்பறைகள் திறந்தன, வாடிக்கையாளர் ஒருவர் சோயாப்பால் கேட்டுச் சத்தம் போட்டார்.

"கத்தாதய்யா, இங்க ஒரு உயிர் போகுது!" என்றார் சாய்-ஷியா. பிறகு மெதுவாக: "பொண்ணோட பழைய கருவியில இருக்கு தங்கச்சி. அப்பவே ஏத்தி வச்சிருக்கேன். அதுல உன் தம்பி பேசுறதப் படிச்சா எனக்குச் சிரிப்பு அடங்காதுடி, அதப்போய் அழிப்பேனா?"

கோப்பு வந்தது. ஆனால் அது முதல் பதிப்பு! பிறகு சேர்த்த கடைசி அத்தியாயம், போ-யென் படகேறிய காலை, அதில் இல்லை. "அந்தக் காலையை மறுபடி எழுதணுமா?" என்று கேட்டார் யூ-ரூ.

எழுதினார். பழையது போல் வரவில்லை என்கிறார், வரவும் வராது. இப்போது தம் சொந்தப் பக்கத்தில் தாமே விற்கிறார்.

அன்புள்ளங்களே! எழுதியவரிடமே கேளுங்கள்! எழுதியவரிடமே வாங்குங்கள்! வாங்கியதை உங்கள் வீட்டில் வையுங்கள்! அவர் உங்கள் பெயரை அறியட்டும். நீங்கள் அவர் குரலைக் காத்து வையுங்கள்! அன்று பெங்ஹுவில் ஒருத்தி மட்டும் அடம்பிடிக்காமல் இருந்திருந்தால், ஒரு மனிதனின் சிரிப்பை இன்று எங்கே போய்த் தேடுவோம்?

கலங்கிய குரலையும் பொறுத்துக் கேட்ட நல்லோர் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வழுக்கும் படிகளில் பார்த்து இறங்குங்கள், வணக்கம்!