சேலா என்றால் நில்

நாமக்கல் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் பைபிளும் கஞ்சித் தூக்கும் இருந்தன.

"ஏங்கண்ணு, பைபிள் சங்கீதப் பாட்டுல அங்கங்க சேலானு வருதே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"நில்லுனு அர்த்தமாமுங்க்கா. ஆனா நிச்சயமா யாருக்கும் தெரியாதாமுங்க" என்றார் இளையவர்.

"ஐயையோ! நான் ஆமென் மாதிரினு நெனச்சுட்டு, ஆஸ்பத்திரியில எங்க ஊட்டுக்காரரு நெஞ்சுல கைய வெச்சு மூணு நாளா சேலா, சேலானு ஜெபிச்சனே!"

"பயப்படாதீங்க்கா. பாடறவங்க மூச்சு வாங்கிக்கறதுக்கு நிக்கறதுங்க அது."

பேருந்து புதுச்சத்திரம் தாண்டியது. மூத்தவர் மெல்லச் சொன்னார்:

"அவருக்கு மூச்சு வாங்கறதுதான் கண்ணு நிக்கோணும். மூச்சு நிக்கக்கூடாது. ஆண்டவரு இதச் சரியாப் புரிஞ்சுக்குவாரா?"