அரிசி டின்னில் வைத்த காகிதம்

மலாய் நாட்டின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குக் கட்டிய தோரணங்கள் கடைகளில் அப்படியே தொங்கிய நாட்கள். காஜா பேராங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சின்னவள் மடியில் டிபன் கேரியர்.

"அவரு எழுதிக் குடுத்த காகிதத்த அரிசி டின்னுல வச்சு மூடிட்டேன், அக்கா."

"என்ன காகிதம்?"

"மூச்சு இழுக்க ஆரம்பிச்சா ஊசி போட்டுப் பிடிச்சு வைக்காதீங்க, உசிரு வீட்டுல போகட்டும்னு. டாக்டர்கிட்ட குடுக்கச் சொன்னாரு."

"அந்த வார்டுல வேற யாராச்சும் இப்படி எழுதியிருக்காங்களா?"

"யாரு எழுதுவா? பக்கத்துக் கட்டில் அண்ணன் இந்தப் பேச்சக் கேட்டதுமே போர்வைய இழுத்து மூடிக்கிட்டாரு. எழுதுனா எமனுக்கு விலாசம் குடுத்த மாதிரியாம்."

"உன் வீட்டுக்காரரு குடுத்தியான்னு கேக்கலியா?"

"குடுத்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன். நேத்துலருந்து நிம்மதியாத் தூங்குறாரு."

பெரியவள் டிபன் கேரியரைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். "எறங்குனதும் அடுத்த பஸ் பிடிச்சுப் போயி எடுத்துட்டு வா, தங்கச்சி."

"தமிழ்ல எழுதியிருக்காரு, அக்கா. அந்த வெள்ளைக்கார டாக்டருக்கு எங்க தெரியும்? எனக்குத் தெரிஞ்ச மலாய்ல நான்தானே வாயத் தொறந்து சொல்லணும், எம்புருசனப் போக விட்டுருங்கன்னு."