டேவியனை வித்த ஆளு

ஜெனீவா: ...அப்புறம் ஃபோன்ல அந்த ரேடியோக்காரன் என் பேரைக் கேட்டான். எனக்கென்ன பயம். ஜெனீவா, டேவியனோட சொந்தப் பெரியம்மான்னு சொல்லிட்டேன்.

டேவியன்: பெரியம்மா... பேரைச் சொல்லிட்டீங்களா?

ஜெனீவா: ஏன், சொன்னா என்ன. பெட்ரி மாதிரி ஒரு மேனேஜர் நம்ம கூடைப்பந்து டீமுக்கு வாய்ச்சது இந்த ஊரோட தலையெழுத்துன்னேன். வளர்ற பிள்ளையைத் தூக்கிச் சியாட்டிலுக்குக் கொடுத்துட்டு, பதிலுக்கு முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கிட்டு உக்கார்ற ஒரு கிழவனை வாங்கினான் பாரு, அவனுக்கெல்லாம் வேலை ஒரு கேடான்னேன்.

வெர்லீன்: மீன் ஆறுது. முதல்ல அவனைச் சாப்பிட விடு அக்கா. ஹோட்டலுக்குப் போய்க் கொஞ்சம் படுக்கணும் அவன்.

டேவியன்: படுக்கலன்னா பரவால்லம்மா.

வெர்லீன்: ஆட்டத்தன்னிக்கு மத்தியானம் தூங்காத ஆட்டக்காரன் உண்டாடா. கீரை வச்சுக்கோ. ரொட்டியும் எடு.

டேவியன்: ஹோட்டல்ல படுக்கிறதே ஒரு மாதிரி இருக்கு. என் ரூம் மாடியில சும்மா கிடக்கு. நான் ஆத்தோரம் ஹோட்டல்ல...

ஜெனீவா: அதுக்கும் அந்த ஆள்தான் காரணம். பொறந்து வளர்ந்த லூயிவில்லுக்கே விருந்தாளியா வந்திருக்கே. போன வருஷம் அனுப்பினது, இப்பத்தான் திரும்ப இந்த மண்ணுல ஆடப் போறே. அதுவும் எங்களுக்கு எதிரா.

வெர்லீன்: அக்கா, அந்தக் கதையை விடு.

ஜெனீவா: எப்படி விடறது. டீமுக்கு உயரமான ஆள் தேவைப்பட்டுதுன்னு டிவியில சொன்னானே, கேட்டியா? உயரம் வேணும்னா ஏணி வாங்கிக்க வேண்டியதுதானே.

டேவியன்: அதுல... கொஞ்சம் நியாயம் இருக்கு பெரியம்மா. கூடைக்கு அடியில எங்களுக்கு அப்போ ஆளே இல்ல.

ஜெனீவா: எங்களுக்கா? நீ இப்ப சியாட்டில்டா.

டேவியன்: பழக்க தோஷம்.

ஜெனீவா: பாத்தியா வெர்லீன். பிள்ளை மனசு இன்னும் இங்கதான் சுத்துது.

டேவியன்: என்னைக் கொடுத்ததுல, புதுப் பசங்களை எடுத்துக்கிற வாய்ப்பும் ரெண்டு கிடைச்சுதே. ஒண்ணுல எடுத்த பையன் நல்லாத்தான் ஆடுறான். வீடியோல பார்த்தேன்.

ஜெனீவா: சரி. இன்னொண்ணு?

டேவியன்: அது அடுத்த வருஷத்துக்கு.

ஜெனீவா: அடுத்த வருஷப் பையன் இப்ப எந்த ஸ்கூல்ல கணக்குல ஃபெயிலாகிட்டு இருக்கானோ. அவனை நம்பி உன்னைக் கொடுத்தான் அந்தப் புத்திசாலி. நீ அங்க போய் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வாகிட்டே. இங்க நாங்க தோத்துத் தோத்து, கடைசியில நிக்கிறோம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும். தப்புன்னா தப்புதான்.

வெர்லீன்: அங்க போனதாலதான் அவன் வளர்ந்தான்னு ஏன் வச்சுக்கக் கூடாது?

ஜெனீவா: அடியே... பெத்தவ பேசுற பேச்சா இது?

வெர்லீன்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஜெனீவா: கடையில பெட்ரி எதிர்ல வந்தப்போ முகத்தைத் திருப்பிக்கிட்டு வந்தவ நீ. அன்னிலேருந்து ஸ்டேடியம் பக்கமே தலை வச்சுப் படுக்கல. இன்னிக்கு என்ன புதுசா வக்காலத்து?

வெர்லீன்: திருப்பிக்கிட்டேன்தான். இல்லைங்கல.

ஜெனீவா: அப்புறம்?

வெர்லீன்: இவன் இங்க நல்லா ஆடினான்னு நீ சொல்றே. வெளியூர்லதான் நல்லா ஆடினான். வெளியூர்ல முப்பது புள்ளி போடுவான். இங்க வந்தா அதுல பாதிதான். யாருமே மறிக்காத ஃப்ரீ த்ரோ போட நின்னாக்கூட...

டேவியன்: அம்மா.

வெர்லீன்: நடந்ததைத்தானே சொல்றேன்.

ஜெனீவா: ஃப்ரீ த்ரோவைப் பத்தி நீ பேசாதடி. எதிராளி போட நின்னாத்தான் ஊர் பூரா ஊளையிடும். நம்ம ஆள் நின்னா அரங்கமே மூச்சு விடாது. அந்த அமைதியில, ஒரே ஒரு தொண்டை மட்டும்... 'டேவியன், முழங்கை'ன்னு. யார் தொண்டைடி அது?

வெர்லீன்: முழங்கை வெளிய போச்சு. சொன்னேன்.

ஜெனீவா: ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு விசில் ஊதி ஊதி, அந்தக் குரல் ஆத்தைத் தாண்டி அக்கரை இண்டியானா வரைக்கும் கேட்கும்.

டேவியன்: பீர் விக்கிறவர் இருக்காரே, அவர் என்னை முழங்கைன்னுதான் கூப்பிடுவார்.

ஜெனீவா: கூப்பிடாம என்ன செய்வார்.

வெர்லீன்: அப்புறம் நான் வாயை மூடிக்கிட்டேன்ல.

ஜெனீவா: மூடினே. இவன் பந்தைக் கையில வச்சுக்கிட்டு, அம்மா ஏன் கத்தலன்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டு நின்னான். ரெண்டு பந்தும் போச்சு.

வெர்லீன்: ஒரு தடவை போகாம வீட்டுலயே இருந்தேன்.

ஜெனீவா: அது அதைவிடக் கூத்து. பாதி ஆட்டத்துல காவலாளியை விட்டு எனக்கு ஃபோன் பண்ணி, அம்மாவுக்கு நெஞ்சுவலியான்னு கேட்டான். சிரிச்சுச் சிரிச்சு எனக்குத்தான் நெஞ்சு வலிச்சுது.

டேவியன்: எப்பவும் வர்றவங்க வரல. கேட்டேன். அவ்வளவுதான்.

வெர்லீன்: நான் அன்னிக்குச் சிரிக்கல அக்கா.

ஜெனீவா: சரி சரி, முகத்தைத் தூக்கி வச்சுக்காத. டேய், நீ சொல்லு. ஆட்டத்துக்கு முன்னாடி நிருபர்கள் எல்லாரும் உன் வாயில மைக்கை நீட்டுவாங்க. என்ன சொல்லப் போறே?

டேவியன்: ஊருக்கு வந்தது சந்தோஷம். பெரியம்மா பொரிச்ச மீன் நல்லா இருந்துச்சு.

ஜெனீவா: இது உங்கம்மா பொரிச்ச மீன். விளையாடாதே. டீம் முதலாளி டிவியில சொன்னதைக் கேட்டே இல்ல? பெட்ரி இருக்கணுமா போகணுமான்னு இந்த ஆட்டம் முடிஞ்சு முடிவு பண்றேன்னு சொல்லிட்டார். ஊர் என்ன நினைக்குதுன்னு பார்க்கிறாராம். உன் வாயிலிருந்து வலிச்சுதுன்னு ஒரு வார்த்தை வந்தா போதும், நாளைக்குக் காலையில அந்த ஆள் பெட்டியைக் கட்டிடுவான்.

வெர்லீன்: அதைச் சொல்லாதே டேவியன்.

டேவியன்: சொல்லலம்மா.

ஜெனீவா: வலிக்கலயா உனக்கு?

டேவியன்: நான் ஒண்ணுமே சொல்லப் போறதில்ல பெரியம்மா. அந்தக் கேள்வி வந்தா, அடுத்த கேள்வின்னு சொல்லிடுவேன்.

வெர்லீன்: அது போதாது.

டேவியன்: எது?

வெர்லீன்: சும்மா இருக்கிறது. நீ வாயைத் திறக்கலன்னா, பாவம் பையன், மனசு உடைஞ்சு போயிருக்கான்னு எழுதுவாங்க. பெட்ரி செஞ்சது தப்பில்லன்னு நீ சொல்லணும். சத்தமா சொல்லணும்.

ஜெனீவா: உனக்கு என்னடி ஆச்சு?

டேவியன்: அம்மா, அப்படிச் சொன்னா அடுத்த நிமிஷமே ஏன்னு கேப்பாங்க. காரணம் சொல்லணும். காரணம் இல்லாம யார் நம்புவா?

வெர்லீன்: எல்லாரும் இவன் ஒல்லிக்குச்சின்னு சிரிச்சப்போ, உள்ளூர்ப் பையன்தான் வேணும்னு உன்னை எடுத்தது யாரு? அதைச் சொல்லு.

டேவியன்: எடுத்தவரே எதுக்கு அனுப்பினார்னு திருப்பிக் கேப்பாங்க.

வெர்லீன்: அப்போ... வேற ஏதாவது.

டேவியன்: அவரே வாயைத் திறக்கலம்மா. உயரமான ஆள் கதையைச் சொல்லிட்டு உக்காந்திருக்கார். அவருக்குத் தன்னைக் காப்பாத்திக்கணும்னு தோணலன்னா நான் என்ன பண்றது.

வெர்லீன்: அவர் திறக்க மாட்டார்.

டேவியன்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

வெர்லீன்: ரொட்டி இன்னொண்ணு வச்சுக்கோ.

ஜெனீவா: நல்லாக் கேளு. எப்படித் தெரியும்?

வெர்லீன்: அவர் பொண்ணு என் ஸ்கூல்லதான் படிக்குது.

ஜெனீவா: யாரு, அந்தச் சிவப்புத் தலைமுடிப் பொண்ணா? கண்ணாடி போட்டுக்கிட்டு?

வெர்லீன்: அதேதான். நேத்து சாப்பாட்டு நேரத்துல பசங்க மேசையைத் தட்டிப் பாட்டுப் பாடியிருக்காங்க. உங்கப்பன் எப்போ போவான், எப்போ போவான்னு. அதுல ஒருத்தன் உன் நம்பர் சட்டையைப் போட்டுக்கிட்டு இருந்தான் டேவியன். அந்தப் பொண்ணு தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து, நேரா என் ரூமுக்கு வந்து உக்காந்துச்சு. இருக்கிற டீச்சரை எல்லாம் விட்டுட்டு என்கிட்ட. மன்னிச்சுக்குங்க மிஸஸ் டாலிவர், எங்கப்பா உங்க பையனை அனுப்பிட்டார்னு... அது என்கிட்ட மன்னிப்புக் கேக்குது.

டேவியன்: நீங்க என்ன சொன்னீங்க?

வெர்லீன்: என்னத்தைச் சொல்றது. ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிச்சுக் கொடுத்தேன். ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல. வெக்கமா இருந்துச்சு.

ஜெனீவா: பிள்ளைங்க அப்படிப் பாடினது தப்புதான். நான் ஒத்துக்கிறேன். ஆனா அதுல உனக்கென்ன வெக்கம். நீயா அவனை வித்தே?

வெர்லீன்: ஆமா.

ஜெனீவா: என்ன ஆமா?

வெர்லீன்: கரண்டியைக் கீழ வை அக்கா. எண்ணெய் சொட்டுது.

டேவியன்: அம்மா, என்ன ஆமா?

வெர்லீன்: நான்தான்டா போய்க் கேட்டேன். நவம்பர்ல, நன்றித் திருநாள் முடிஞ்சு அடுத்த வாரம், ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு, பெட்ரி ஆபீஸுக்குப் போனேன். என் பையனை எங்கயாவது தூரமா அனுப்பிடுங்கன்னேன். கத்தினாலும் போடமாட்டேங்கிறான், கத்தலன்னாலும் போடமாட்டேங்கிறான், வரலன்னா எனக்குச் சாவு வந்துடுச்சான்னு ஆளை விட்டுத் தேடுறான். நான் இருக்கிற ஊர்ல இவன் பெரிய ஆட்டக்காரன் ஆகவே மாட்டான்னேன். அந்த மனுஷன் மாட்டேன்னுதான் சொன்னார். இவனை வச்சுத்தான் டீமையே கட்டுறேன், இவனைக் கொடுத்தா ஊர் என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுரும்னார். நான் அழுதேன். நான் அழுது நீ பார்த்திருக்கியா? அங்க அழுதேன்.

ஜெனீவா: கடவுளே... வெர்லீன்.

வெர்லீன்: பெத்தவளே ஊரை விட்டுத் துரத்திட்டான்னு இவன் நினைச்சுடக் கூடாது, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். விடல. இன்னிக்கு வரைக்கும் விடல. அவரைப் பார்க்கக் கூசிக்கிட்டுத்தான் கடையில முகத்தைத் திருப்பினேன். நீ கோபம்னு நினைச்சுக்கிட்டே.

ஜெனீவா: அப்போ நான் ரேடியோல அவ்வளவு பேசினேனே. பேரைச் சொல்லி... பக்கத்துலதானே உக்காந்து பச்சை பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி பாவி?

வெர்லீன்: சொல்லியிருந்தா நீ உடனே அதையும் ரேடியோல சொல்லியிருப்பே.

ஜெனீவா: அதுவும் சரிதான்.

வெர்லீன்: டேவியன். ஏதாவது பேசு.

டேவியன்: கொஞ்சம் தண்ணி கொடுங்கம்மா.

வெர்லீன்: கோபம்னா திட்டிரு. உள்ள வச்சுக்காத.

டேவியன்: கோபமெல்லாம் இல்லம்மா.

வெர்லீன்: அப்போ நிருபர்கள்கிட்ட இதையே சொல்லிடு. எங்கம்மாதான் கேட்டாங்க, பெட்ரி மேல தப்பில்லன்னு சொல்லிடு. ஸ்கூல்ல, சர்ச்சுல எல்லாரும் என்னை ஏசட்டும். நான் பார்த்துக்கிறேன். அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டதைவிட அது ஒண்ணும் பெரிசில்ல.

டேவியன்: உங்க பேரை நான் இழுக்க மாட்டேன்.

வெர்லீன்: அப்போ பெட்ரி?

டேவியன்: நான்தான் போகணும்னு கேட்டேன், அவர் மாட்டேன்னார், நான் விடலன்னு சொல்லிடறேன். அவரைக் காப்பாத்த அது போதும்.

ஜெனீவா: உனக்குப் பைத்தியமாடா? ஊரே இன்னிக்கு உன் பேரை எழுதித் தூக்கிக்கிட்டு வரப் போகுது. ஊரை வேண்டாம்னு விட்டுட்டுப் போனவன்னு தெரிஞ்சா, நீ பந்தைத் தொடும்போதெல்லாம் கூவுவாங்க. உன் சட்டையை வாசல்ல போட்டுக் கொளுத்துவாங்க.

டேவியன்: கூவட்டும் பெரியம்மா.

வெர்லீன்: வேண்டாம். நான் செஞ்சதுக்கு நீ ஏன் பொய் சொல்லி அடி வாங்கணும். இந்த ஊர் உன்னை வெறுத்தா என்னால தாங்க முடியாதுடா. எந்திரி, நானே அந்த ரேடியோவுக்கு ஃபோன் பண்றேன்.

டேவியன்: ஃபோனைக் கீழ வைங்கம்மா. நான் பொய் சொல்லப் போறேன்னு யார் சொன்னா? நீங்க போனதுக்கு அடுத்த மாசம், கிறிஸ்துமஸ் முடிஞ்சு நானும் அவர் ஆபீஸுக்குப் போனேன். அம்மா பார்த்துக்கிட்டு இருந்தா எனக்குக் கை வரமாட்டேங்குது, வராதீங்கன்னு சொல்லவும் வாய் வரமாட்டேங்குது, என்னை எங்கயாவது அனுப்பிடுங்க, அவங்களுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு கெஞ்சினேன். அந்த மனுஷன் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், அப்படியே உங்கம்மா ஜாடைடா நீன்னார்... நான் மூக்கைச் சொல்றார்னு நினைச்சேன்.