கேனில் கிடந்த மருந்து

— நெசத்தைச் சொல்லுங்கம்மா. நீங்க மதுரை லேப்புதானா, இல்ல பட்டாசுக் கம்பெனியை மூட வந்த ஆபீஸரா?

— லேப்புதான், கருத்தப்பாண்டி அண்ணாச்சி. பத்து நாளைக்கு முன்னாடி உங்க டேங்க் தண்ணியில ஒரு கேன் பிடிச்சுட்டுப் போனேனே, அதே பானுப்பிரியா. ரிசல்ட் வந்துருச்சு.

— தண்ணியை ஐஸ் பெட்டியில வச்சுல்ல கொண்டு போனீக. இங்கன பொணத்துக்குத்தான் ஐஸ் வைப்போம்.

— ஊர்ல பதினோரு பேருக்கு மஞ்சக்காமாலை. அந்த வைரஸ் தண்ணியில இருக்கான்னு பார்த்தோம். இருக்கு. டேங்கைப் பூட்டணும்.

— இருக்காது.

— மிஷின் சொல்லுது, அண்ணாச்சி.

— மிஷினா எங்களுக்குச் சோறு போடும்? சுனாமிக்கு மறுவருசத்துலருந்து நாந்தான் டேங்க் ஆபரேட்டர். இன்னைக்கு டேங்கைப் பூட்டுவீக, நாளைக்குக் கம்பெனியைப் பூட்டுவீக. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. தாயில்பட்டியே பட்டினி கிடக்கணுமா?

— உள்ள யாரு ஓங்கரிக்கிறது?

— மக செல்லக்கனி. தலைப்பிள்ளை, ஏழு மாசம். பேச்சை மாத்தாதீக.

— சரி, என் சந்தேகத்தையும் கேளுங்க. உங்க டேங்க் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு. கேன்ல இருந்ததுல உப்பே இல்லை. நான் டீ குடிக்கப் போனப்ப கேனைத் தொட்டீங்களா?

— தொட்டேன். தண்ணி பிடிக்க முந்தியே பாத்துட்டேன், கேனுக்கு அடியில வெள்ளையா மருந்து. பட்டாசு மருந்துக்குள்ளயே பெறந்து வளந்தவன்மா நான், எனக்கா தெரியாது? எங்க தண்ணி மேல பழி போடத்தான் கொண்டாந்திருக்கீகன்னு எல்லாத்தையும் கொட்டி, மூணு தரம் கழுவி, நல்ல தண்ணியா ஊத்தி வச்சேன்.

— அது குளோரினை முறிக்கிற உப்பு. எல்லாக் கேன்லயும் போடுறதுதான்.

— அப்ப எங்க டேங்க் தண்ணியை நீங்க சோதிக்கவே இல்லை!

— இல்லை. நீங்க ஊத்துனதைத்தான் சோதிச்சிருக்கோம். அது எங்க பிடிச்ச தண்ணி?

— பெத்தணன் தோட்டத்துக் கிணறு. சக்கரையாட்டம் இருக்கும். மூணு மாசமா மக குடிக்கன்னு தினம் ரெண்டு குடம் சைக்கிள்ல கொண்டாறேன். அதை வேற யாரையும் தொட விடமாட்டேன்.

— காய்ச்சுவீங்களா?

— காய்ச்சுனா ருசி போயிரும்னு சொல்லுவா.

— ஏழாம் மாசத்துல வாந்தியா, அண்ணாச்சி? எப்பலருந்து?

— முந்தாநாள்லருந்து. பிள்ளைத்தாச்சிக்கு வாறதுதானன்னு... ஏத்தா, செல்லக்கனி! வாசலுக்கு வாத்தா. வெளிச்சத்துல நின்னு கண்ணைக் காட்டு.