ரீக்கா கேட்காத பை

என் பெயர் தெர்ஹி லவிக்காலா. வயது நாற்பத்தேழு. ஹல்லவேசி, மில் தெரு, எண் 9இல் வசிக்கிறேன். நகர நூலகத்தில் வேலை. சங்கிலிகள் தொங்கும் கம்பிக் கூடையில் தட்டு எறியும் டிஸ்க் கோல்ஃப் கிளப்பில் ஆறு வருடமாகச் சம்பளமின்றிப் பதிவு மேசையைப் பார்த்து வருகிறேன். செப்டம்பர் 14, சனிக்கிழமை நடந்தது குறித்து நான் சொல்வதாவது:

சென்ற வருடம் வரை எங்கள் அமெச்சூர் போட்டிக்கு ஒரே கட்டணம், நாற்பத்தைந்து யூரோ. வேண்டாத சட்டைக்கு எதற்குக் காசு என்று பலர் குறைப்பட்டதால் இந்த வருடம் நான்தான் அதைப் பிரித்தேன். ஆட மட்டும் இருபது யூரோ. சட்டையும் இரண்டு தட்டும் உள்ள பை வேண்டுமானால் மேலே இருபத்தைந்து.

ரீக்கா சல்மே இந்த வசந்தத்தில் ஊருக்கு வந்தவர். பல் மருத்துவமனையில் வேலை. இருபது யூரோ மட்டும் கட்டியிருந்தார். ஆடுபவர் பட்டியல் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருந்தது.

புதன்கிழமை மதியம் ஒருவர் போன் செய்தார். "நான் ரீக்காவோட தம்பி. அவ தனக்குன்னு பத்து காசு செலவழிக்க மாட்டா. பிறந்த நாளுக்கு அந்தப் பையை நான் வாங்கிக் குடுக்கறேன். அவகிட்ட மூச்சு விட்றாதீங்க" என்றார். சட்டை அளவு சொன்னார். வலது மணிக்கட்டு முன்பு உடைந்தது, எடை குறைந்த தட்டாக வையுங்கள் என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். பணம் போன் வழியாக வந்தது. அனுப்பியவர் பெயர் திரையில் இருந்தது, நான் பார்க்கவில்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமை, அவர் கேட்காமலேயே, ரீக்கா ஒன்பது மணிக்குப் பதினோராம் கூடையில் தொடங்குகிறார், வந்து பாருங்கள் என்று நானே செய்தி அனுப்பினேன். கீழே என் பெயரும் போட்டேன்.

சனிக்கிழமை காலை 8.20க்கு ரீக்கா மேசைக்கு வந்தார். பையைக் கொடுத்தேன்.

"நான் வெறும் நுழைவுதான போட்டேன்?"

"உங்க தம்பி வாங்கிக் குடுத்தது."

சட்டையை வெளியே எடுத்தவர் அதை மேசையிலேயே போட்டார். "எனக்குத் தம்பி கிடையாது" என்றார். அதன் பிறகு, "நான் எங்க தொடங்கறேன்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அவர் கூச்சலிடவில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். முன்னாள் கணவர் யான்னே கெக்கோலாவாகத்தான் இருக்கும், தன்னை நெருங்கக் கூடாதென்று நீதிமன்றத் தடை இருக்கிறது என்றார். போட்டி நடத்தும் இல்போ காவல்துறைக்குப் போன் செய்தார். வர அரை மணி ஆகும் என்றார்கள். ரீக்காவை மேசைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் விட்டுப் பூட்டிச் சாவியை என் இடது கையுறைக்குள் போட்டுக்கொண்டேன். பதினோராம் கூடை காட்டுக்குள் இருக்கிறது. அங்கே நின்ற ஆட்டக்காரர்களை அழைத்து வர இல்போ கிளம்பினார். "மேசையை விட்டு அசையாத தெர்ஹி. ஆள் இல்லன்னா சந்தேகப்படுவான்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

8.40க்கு சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியும் தோள்பையுமாக ஒருவர் வந்தார்.

"நீங்கதான தெர்ஹி? நான் தம்பி. பதினொண்ணுல அவளைக் காணோமே."

"அவங்க வரலைங்க. காலைல பேரை எடுத்துட்டாங்க."

அவர் மேசையில் கிடந்த சட்டையை எடுத்து ஓரம் பார்த்து மடித்துப் பைக்குள் வைத்தார். "வராதவ பையை யாரு பிரிச்சது?"

"நான்தான். வராதவங்க பையை வேற யாருக்காவது குடுத்துடுவோம்."

"நான் காசு குடுத்த பையையா?"

 விதித்தாளை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். பை அவரவர் விருப்பம், ஆகவே அதன் தொகை திரும்பும், நுழைவுக் கட்டணம் திரும்பாது. அதன் பிறகு படிவம் நிரப்பச் சொன்னேன். சட்டைக்கு ஒன்று, தட்டுகளுக்கு ஒன்று. அப்படிப் படிவம் எதுவும் கிடையாது. பதிவுத் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் கொடுத்தேன்.

"இருபத்தஞ்சு யூரோவுக்கு இத்தனை ரோதனையா?"

"கிளப்பு விதிங்க. நான் என்ன பண்றது?"

சில்லறையாக எண்ணினேன். இரண்டு முறை கீழே கொட்டினேன்.

"ஏன் இப்படிக் கொட்டறீங்க?"

"நாலு டிகிரி குளிருங்க. விரல் மரத்துப்போச்சு."

அப்போது கொட்டகைக்குள் சங்கிலி ஒன்று லேசாகக் கிணுகிணுத்தது. அவர் மேசையைச் சுற்றி வந்து கதவை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து என் இடது கையைப் பிடித்தார். "சாவி எங்க தெர்ஹி?" என்று மெதுவாகக் கேட்டார். சாவி என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. இல்போவிடம் இருக்கிறது என்றேன். அவர் கையை விடவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. சரளைக்கல்லில் உங்கள் காவல் வண்டி வரும் சத்தம் கேட்டபோதுதான் விட்டார். அவரது தோள்பையில் இருந்த கத்தியை நான் அங்கே பார்க்கவில்லை. இன்று நீங்கள் மேசையில் வைத்துக் காட்டியபோதுதான் பார்த்தேன்.

நீங்கள் அவரை அழைத்துச் சென்ற பிறகு கொட்டகையைத் திறந்தேன். பழைய கூடை ஒன்றின் சங்கிலிகள் சத்தம் போடாதபடி ரீக்கா எல்லாவற்றையும் இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

"இது மூணாவது ஊரு. இங்கதான் என் சொந்தப் பேரைப் போட்டு ஆடிப் பாக்கலாம்னு தோணிச்சு" என்றார்.

திங்கட்கிழமை அவர் வீட்டு வாசலில் இருந்த பெயர்ப் பலகை எடுக்கப்பட்டிருந்தது. எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. நான் கண்டதும் செய்ததும் இவைதான், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) தெர்ஹி லவிக்காலா