ஷ்யாமளா காட்டிய ஊர்

— இன்னொருக்கா சொல்லுங்க. எந்த வீட்டு மாடியில நம்ம பிரீத்திக்கு ரூம்?

— அதான் வள்ளி, கொல்லையில எலுமிச்சை மரம் நிக்குதே, அந்த வீடு. மாடியில ரெண்டு ரூம் இருக்கு. ஒண்ணு பிரீத்திக்கு, ஒண்ணு எனக்கு ஆபீஸ் ரூம்.

— ஏனுங்க, அது ஷ்யாமளா வீடு.

— கம்பெனி வீடு.

— கம்பெனி வீடோ என்ன வீடோ, அதுக்குள்ள அவங்கதான குடியிருக்காங்க? சபரி, ஷ்யாமளா, எழில் மூணு பேரையும் எங்க தூக்கி வெப்பீங்க?

— ஏர்போர்ட்ல இருந்து வெளிய வந்து பத்து நிமிஷம் ஆகல. ராத்திரி பூரா பிளேன்ல கால் நீட்ட முடியல. வீட்டுக்குப் போயி ஒரு காபி குடிச்சுட்டுப் பேசலாமே.

— காபி அப்பறம் குடிக்கலாம்ங்க. மொதல்ல இதைச் சொல்லுங்க.

— லேன் மாறணும். பேசாம இரு.

— மாறுங்க. மாறிட்டுச் சொல்லுங்க.

— இரு, பின்னாடி லாரி வருது.

— மாறியாச்சு. சொல்லுங்க.

— சபரி வேலைதான் வள்ளி. எனக்குக் குடுக்கறாங்களே, அது சபரி பாக்கற வேலை.

— சபரியும் நீங்களும் சேந்து பாக்கறதாத்தான எங்கிட்டச் சொன்னீங்க? ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து ரூம்னு?

— அப்படி நான் சொல்லல. நீயா நெனச்சுக்கிட்டே.

— நான் நெனச்சதை நீங்க திருத்தலையே! நம்ம பாஷை பேச ஒரு வீடு இருக்குது, நம்ம புள்ளைக்கு அக்கா தங்கச்சியாட்ட எழில் இருக்கான்னுதான நான் சரின்னேன்? ஹூஸ்டனை விட்டு, இந்த சுகர் லேண்ட் வீட்டை வித்துட்டு, வேற கண்டத்துக்கு எதை நம்பி வர்றேன்னேன்?

— இத பாரு, லாஜிக்கா யோசி…

— அந்த மனுசனுக்குத் தெரியுமா?

— தெரியாது. ஜனவரியிலதான் சொல்லுவாங்க. அது வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு டைரக்டர் சொல்லியிருக்கார். அதனாலதான் அங்க வேலைப் பேச்சே எடுக்காதேன்னு உன்கிட்டச் சொன்னேன்.

— அட சாமி. அப்ப தெரிஞ்சேதான் அவரு வண்டியில ஏறி உக்காந்தீங்களா? அவரு காசுல ஐஸ்கிரீம் தின்னீங்களா?

— வேற என்ன பண்ணச் சொல்ற? ஊர் சுத்திக் காட்ட அவங்களைத்தான் ஆபீஸ்ல ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. எனக்கு வேற ஆள் வேணும்னு சொல்ல முடியுமா?

— எனக்கு ஷ்யாமளாவை நெனச்சாத்தான் மனசு ஆறலைங்க. அந்த அகல ரோட்டைத் தாண்டறப்ப பாதியில சிக்னல் விழுந்துருச்சு பாருங்க, ரெண்டு பக்கமும் பஸ்ஸு பறக்குது. நான் நடு ரோட்டுல நின்னுட்டேன். என் கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. "இதை இந்த ஊர்க்காரங்களே ஒரே மூச்சுல தாண்ட மாட்டாங்கக்கா, பயப்படாதீங்க"ன்னா. அப்படியே அந்த ரோஸ் கலர் அரண்மனை முன்னாடி நிக்க வெச்சு போட்டோ எடுத்தா. ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, "எதிர்க்கரை தெரியாத ஆறு பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டா. கூடப் பொறந்தவ கூட எனக்கு அப்படி ஊரு காட்ட மாட்டா.

— எனக்கு மட்டும் மனசு இல்லையா?

— இருந்தாச் சொல்லியிருப்பீங்க.

— அந்தக் கல்லறைத் தோட்டத்துல நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போனீங்கல்ல? தெருத்தெருவா, வீடாட்டக் கட்டி வெச்சிருந்தாங்களே, அங்க.

— ஆமா.

— சபரி என்னைத் தனியா நிறுத்தினான். "சார், ஹூஸ்டன்ல என்னைப் பத்தி ஒரு வார்த்தை நல்லபடியாச் சொல்லுங்க சார்"னான். ஆபீஸ்ல ஏதோ சரியில்லைன்னு தோணுதாம். யாருகிட்டக் கேக்கறதுன்னு தெரியலையாம்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அந்த ஏசியைக் கொஞ்சம் கொறை.

— என்னங்க சொன்னீங்க?

— பாக்கறேன்னேன்.

— வண்டியை நிறுத்துங்க.

— ஃப்ரீவேல எங்க நிறுத்தறது?

— பாக்கறேன்னீங்களா? அந்த ஆளு வேலையை வாங்கிப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு, அந்த ஆளுகிட்டயே பாக்கறேன்னீங்களா?

— கத்தாதே வள்ளி! எங்க ஃப்ளோர்ல பாதி சீட்டு காலியாக் கெடக்குது, உனக்கு அது தெரியுமா? திங்கட்கிழமை வர்றவன் வெள்ளிக்கிழமை அட்டைப் பெட்டியைத் தூக்கிட்டுப் போறான். எனக்கு நாப்பத்தாறு வயசு. இந்த நஞ்சுண்டன் வேண்டாம்னு சொன்னா, சபரி வேலை சபரிகிட்டயேவா இருக்கப் போகுது? வேற ஒருத்தன் பொட்டியைக் கட்டிட்டுப் போவான். எனக்கு இங்க சீட்டும் இருக்காது. இத்தனை பேர்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. முதல்ல என்னைத்தான் கேட்டாங்க. அதை நீ ஒரு நிமிஷமாவது யோசிச்சியா?

— யோசிச்சேனுங்க. பெருமையாக் கூட இருந்துச்சு. இப்ப எழிலை யோசிக்கறேன். அங்க மார்ச்ல ஸ்கூல் தொறக்குது. புது ஸ்கூல்னு யூனிஃபார்ம் தைக்கக் குடுத்தாங்க, நானும் கூடப் போனேன். அந்தக் கொழந்தை ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்குது. கடைக்காரம்மா அளவெடுக்கறா. நான் பக்கத்துல நின்னு, வளர்ற புள்ளை, கொஞ்சம் லூசாத் தைக்கச் சொல்லுன்னு சொல்லிட்டு இருக்கேன். என்னை அங்க நிக்க வெச்சுட்டீங்களே.

— அழாதே.

— வேலை போனா அந்த ஊர்ல அவங்க இருக்க முடியுமா?

— விசா கம்பெனியோடது. இருக்க முடியாது. இந்தியாவுக்குத்தான் போகணும்.

— இப்பவே தெரிஞ்சா வேற வேலை தேட நாள் இருக்கும். ஜனவரியில சொன்னா?

— அதைக் கம்பெனி பாத்துக்கும்.

— கம்பெனியா நமக்கு வழிக்கு எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் குடுத்துது, ஷ்யாமளாதான? வீட்டுக்குப் போனதும் நான் போன் பண்றேன்.

— பைத்தியமா உனக்கு? டைரக்டர் காதுக்குப் போச்சுன்னா அந்த வேலையும் போச்சு, இந்த வேலையும் போச்சு!

— நீங்க பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?

— வள்ளி.

— அது நம்ம எக்ஸிட்டுங்க. விட்டுட்டீங்க.

— கவனிக்கலை.

— பரவால்லைங்க. அடுத்ததுல திரும்புங்க.

*

— பொட்டியை எல்லாம் அப்பறம் எடுக்கலாம். வெளிநாட்டுக்குப் பேசற அந்தக் காலிங் கார்டு எங்க வெச்சீங்க?

— டிவிக்கு மேல. பிரீத்தியைக் கூட்டிட்டு வந்துட்டு அப்பறம்…

— அவ புஷ்பவல்லி ஆன்ட்டி வீட்ல நல்லாத்தான் இருப்பா. இப்ப விட்டா என் தைரியம் போயிரும்.

— கடைசியா ஒருக்காக் கேக்கறேன். இது எனக்காக மட்டும் இல்ல. நமக்காக.

— தெரியும்ங்க. அதனாலதான் உங்களைத் திட்டாமப் பண்றேன்.

— சரி. ஸ்பீக்கர்ல போடு.

— எதுக்கு?

— அவ அழுதா நானும் கேக்கணும்.

— ரிங் போகுது… ஹலோ? ஷ்யாமளா? வள்ளி பேசறேன் கண்ணு.

— அக்கா! நல்லபடியாப் போய்ச் சேந்தீங்களா? இப்பதான் பாருங்களேன், அக்கா விட்டுட்டுப் போன ஷாலை மடிச்சு வெச்சேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? பிளேன்ல தூங்கவே இல்லையா?

— சபரி இருக்காரா பக்கத்துல?

— ஆபீஸ் போயிட்டார்க்கா. எழில் ஸ்கூல்ல. நான் மட்டும்தான்.

— உக்காந்துக்க கண்ணு. ஒரு விஷயம் சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்கு அங்க ஒரு வேலை குடுக்கறாங்க, அதைப் பாக்கத்தான் வந்தோம். அது…

— அக்கா, சொல்லாதீங்க.

— இல்ல கண்ணு, நீ கேட்டே ஆகணும். அது வந்து…

— எனக்குத் தெரியும்க்கா.

— என்ன தெரியும்?

— அது எங்க வீட்டுக்காரரோட வேலை. நஞ்சுண்டன் சார் பக்கத்துலதான இருக்கார்? மூச்சுச் சத்தம் கேக்குது. பரவால்ல சார். உங்க மேல எனக்குக் கோவம் இல்ல.

— எப்பத்துல இருந்து தெரியும்மா?

— மே மாசத்துல இருந்து சார். முதல் ஃபேமிலி வந்தப்ப.

— முதல் ஃபேமிலியா?

— உங்களுக்கு முன்னாடி ரெண்டு ஃபேமிலி வந்தாங்க சார். உங்களுக்குச் சொல்லலையா?

— இல்ல. சொல்லல.

— எங்களுக்கும் ஒண்ணும் சொல்லல. ஹூஸ்டன்ல இருந்து கெஸ்ட் வர்றாங்க, ஊர் சுத்திக் காட்டுங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க. நானும் சந்தோஷமா சமைச்சு வெச்சேன் பாருங்களேன். சாப்ட்டுட்டு அந்தம்மா எழுந்தாங்க. ஹேண்ட்பேக்ல இருந்து டேப் எடுத்து எங்க ஹால் ஜன்னலை அளந்தாங்க. கர்ட்டன் தைக்கணுமாம். சத்தியமாக்கா, கையில சாம்பார்க் கரண்டியோட நின்னேன். அப்பதான் புரிஞ்சுது.

— சபரிகிட்டச் சொன்னியா கண்ணு?

— எப்படிக்கா சொல்றது? அவர் வெளிய இருந்தார், அந்தம்மாவோட வீட்டுக்காரருக்கு மேட்ச் பத்தி வெளக்கிட்டு இருந்தார். அவ்ளோ ஆசையா. இப்ப லேசா அவருக்கும் சந்தேகம் வந்திருக்கு. ஆனா முழுசாத் தெரியாது.

— அப்ப எழிலோட யூனிஃபார்ம்?

— அவ அவ்ளோ ஆவலா இருந்தாக்கா. வேண்டாம்னு எதைக் காரணம் காட்டிச் சொல்ல?

— அந்த ரெண்டு ஃபேமிலியும் ஏன் வரலைம்மா? நல்ல போஸ்டுதானே இது.

— நான் வர விடல சார்.

— என்ன சொல்ற?

— ஊர் சுத்திக் காட்டச் சொன்னாங்கல்ல, காட்டினேன். உங்களுக்குக் காட்டினது இல்ல, இன்னொரு நாத்தம் புடிச்ச ஆறு இருக்கு, அது ஓரமாக் கூட்டிட்டுப் போனேன். ஊர்வலம் போயி ரோட்டை அடைச்சிருக்கற எடமாப் பாத்து டாக்சியை விடச் சொன்னேன். ஹோட்டல்லயே அந்தம்மாவோட செயினைக் கழட்டச் சொல்லிட்டேன், இங்க கழுத்தோட அறுப்பாங்கன்னு. சைவம்னு சொன்னாங்க. முழு மாட்டை நெருப்புல வாட்டற ஹோட்டல்ல டேபிள் போட்டுக் குடுத்தேன். அந்தம்மா டாக்சியிலயே அழுதுட்டாங்கக்கா. ஒரு வாரத்துல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவதா வந்தவங்களுக்கும் அதேதான். ஒவ்வொருத்தர் வேண்டாம்னப்பவும் எங்களுக்குக் கொஞ்ச நாள் கெடைச்சுது.

— அடக் கண்ணு…

— அப்ப எங்களுக்கும் அதையே காட்டியிருக்கலாமேம்மா. நாங்களும் ஓடியிருப்போம்.

— அதுக்குத்தான் சார் கெளம்பினேன். முதல் நாள் காலையில டாக்சிக்காரர்கிட்ட அந்த நாத்த ஆத்தோரம்னுதான் சொல்லி வெச்சிருந்தேன். வழியில அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாங்க. ஞாபகம் இருக்காக்கா? அந்தத் தெரு பூராவும் ஊதாப் பூ கொட்டிக் கெடந்துதே?

— இருக்குது கண்ணு.

— எறங்கி ரெண்டு எட்டு வெச்சீங்க. அப்பறம் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டீங்க. மிதிக்க மனசு வரலைன்னீங்க. நானும் இந்த ஊருக்கு வந்த புதுசுல அதே தெருவுல அப்படித்தான்க்கா நின்னேன். ஆறு மாசமா வர்றவங்ககிட்ட எல்லாம் இந்த ஊரைக் கேவலமாப் பேசிட்டு இருந்தேன். எனக்கு உசுரான ஊர்க்கா இது. என் வாயாலயே அதைத் திட்டித் திட்டி, எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. டாக்சிக்காரர்கிட்ட வழியை மாத்தச் சொன்னேன்.

— வழியை மாத்தினா உங்க கதி என்னாகும்னு தெரிஞ்சேவா?

— தெரிஞ்சுதான்க்கா. இன்னிக்குச் சாயங்காலம் அவர்கிட்ட நானே சொல்லிடறேன். நீங்க ரெண்டு பேரும் எனக்காக வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க. எப்படியும் யாராவது வரத்தான் போறாங்க, இந்த ஊரைப் புடிச்சவங்களே வரட்டும். நான் போறதுக்கு முன்னாடி, பொய் சொல்லாம ஊர் காட்டினது உங்களுக்கு மட்டும்தான்.